சேலையைத் திருப்பிப் பாருங்கள்!

பரிசுக்கு வரும் புதுமாதிரிச் சேலையை நிபுணர்கள் எப்படி எடை போடுகிறார்கள்? ஜப்பானில் கிமோனோவுக்கு நடக்கும் போட்டி நமக்குச் சொல்லும் பாடம் என்ன?

சேலையூர். பெயரிலேயே சேலை இருக்கிறது!

தாம்பரம் ரெயில் நிலையத்தில் இறங்கி, வேளச்சேரி சாலையில் கிழக்கே போனால் இந்த ஊர் வரும். இங்கே வீட்டுக்கு ஒரு நீதிபதி உண்டு. கோர்ட்டில் உட்காரும் நீதிபதி அல்ல. சேலைக்குத் தீர்ப்புச் சொல்லும் நீதிபதி!

கலியாணம் நிச்சயம் ஆனதும் பாருங்கள். அம்மா, அத்தை, சித்தி, பாட்டி என்று ஒரு பட்டாளமே புறப்படும். சிலர் செங்கல்பட்டு வழியாகக் காஞ்சீபுரத்துக்கு ரெயில் ஏறுவார்கள். சிலர் மாம்பலத்தில் இறங்கித் தியாகராயநகர் கடைகளுக்குப் போவார்கள்.

கடைக்காரர் நாற்பது சேலைகளை விரித்துப் போடுவார்.

"கரை நன்றாக இருக்கிறது. உடல் கலர்தான் எடுப்பாக இல்லை" என்பார் அத்தை.

"முந்தானை அழகுதான். ஆனால் இந்தக் கனத்தை என் பெண் தாங்குவாளா?" என்பார் அம்மா.

முப்பத்தொன்பது சேலைகள் தோற்கும். ஒன்று ஜெயிக்கும்.

இதே வேலையைச் செய்வதற்கென்று நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் புதுமாதிரித் துணிகள் வந்து குவியும். எது சிறந்தது என்று அவர்கள் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்லும் ஒரு வார்த்தையில் ஒரு நெசவாளியின் குடும்பமே தலைநிமிரலாம்.

அவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? நாம் பார்க்கத் தவறுவது எது?

முதலில் ஜப்பானுக்குப் போய் வருவோம். பிறகு காஞ்சீபுரத்துக்கு வருவோம்.

ஒரே சுருள் துணி

ஜப்பானியரின் பாரம்பரிய உடை கிமோனோ. ஆணும் அணியலாம், பெண்ணும் அணியலாம்.

கிமோனோவுக்கும் நம் சேலைக்கும் ஒரு நெருங்கிய உறவு உண்டு. இரண்டுமே துணிக்கு மரியாதை கொடுக்கும் உடைகள்.

சேலையில் கத்தரிக்கு வேலையே இல்லை. தறியில் இருந்து இறங்கியபடியே கட்டிக் கொள்கிறோம். கிமோனோவைத் தைக்க வேண்டும். ஆனாலும் அதில் வளைத்து வெட்டுவது கிடையாது. ஒரே ஒரு சுருள் துணி. அகலம் ஒரு முழம் கூட வராது. சுமார் 36 முதல் 38 சென்டிமீட்டர்தான். நீளம் சுமார் 12 மீட்டர். அதை நேர்கோட்டிலேயே வெட்டி, உடல், கை, கழுத்துப்பட்டி என்று நீண்ட துண்டுகளாகப் பிரித்துத் தைக்கிறார்கள்.

துவைக்க வேண்டும் என்றால் தையலைப் பிரிப்பார்கள். துண்டுகளை மறுபடி வரிசையாகச் சேர்த்தால் பழைய சுருள் துணி வந்துவிடும்! துவைத்து, விறைப்பாக நீட்டிக் காயவைத்து, திரும்பவும் தைப்பார்கள். பாட்டியின் கிமோனோ பேத்திக்குப் போவது இப்படித்தான்.

இன்று ஜப்பானியர் தினமும் கிமோனோ அணிவதில்லை. கலியாணம், தேநீர் விருந்து, திருவிழா ஆகியவற்றுக்கு அணிகிறார்கள். ஜனவரி மாதம் இரண்டாவது திங்கட்கிழமை அங்கே ஒரு விசேஷம். இளைஞர்கள் பெரியவர்களாகி விட்டதைக் கொண்டாடும் நாள் அது. அன்று இளம்பெண்கள் நீண்ட கையுள்ள கிமோனோ அணிந்து வீதியெங்கும் செல்வார்கள்.

நம் பட்டுச் சேலையின் கதையும் இதுதானே? தினமும் கட்டுவது போய், விசேஷத்துக்கு மட்டும் கட்டுவது என்று ஆகிவிட்டது. ஆகவே ஜப்பான் கைத்தொழிலாளிக்கும் காஞ்சீபுரம் நெசவாளிக்கும் ஒரே கவலை. புதுமாதிரியாக எதையாவது செய்தால்தான் இளம்பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் புதுமை என்ற பெயரில் பழைய கையடக்கத்தை விட்டுவிடவும் கூடாது.

இந்தக் கவலைக்கு ஜப்பான் கண்ட ஒரு வழிதான் போட்டி.

1954-ல் தொடங்கியது

ஜப்பான் பாரம்பரியக் கைவினைக் கண்காட்சி 1954-ம் ஆண்டு தொடங்கியது. ஆண்டுதோறும் நடக்கிறது. மண்பாண்டம், அரக்கு வேலை, உலோக வேலை, மூங்கில் வேலை, பொம்மை என்று பல பிரிவுகள். துணிக்கு என்று ஒரு தனிப் பிரிவு. நாட்டின் பல பகுதிகளில் இருந்தும் கிமோனோக்கள் வருகின்றன. நிபுணர்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்தவையே கண்காட்சியில் இடம்பெறும். அவற்றில் சிறந்தவற்றுக்குப் பரிசு.

"பாரம்பரியக் கண்காட்சி என்றால் பழைய மாதிரிகளை அப்படியே செய்து அனுப்ப வேண்டுமோ?" என்று நினைக்காதீர்கள். அங்கே எதிர்பார்ப்பது அது அல்ல. கை பழைய கையாக இருக்க வேண்டும். கருத்து புதிய கருத்தாக இருக்க வேண்டும்.

கிமோனோவைக் காட்சிக்கு வைக்கும் முறையே வேடிக்கையானது. ஒரு சட்டத்தில் இரண்டு கைகளையும் விரித்துத் தொங்க விடுவார்கள். பார்ப்பவருக்குத் தெரிவது முதுகுப் பக்கம்! ஏனென்றால் முதுகுதான் பெரிய பரப்பு. சித்திரக்காரருக்குப் பலகை கிடைத்த மாதிரி.

இங்கேதான் நடுவருக்குச் சோதனை.

விரித்து வைத்தால் சித்திரமாகத் தெரிகிறது. சரி. அதை ஒரு பெண் அணிந்து, இடுப்பில் அகலமான பட்டையைக் கட்டினால் என்ன ஆகும்? பாதிச் சித்திரம் பட்டைக்குள் போய்விடும். துணி உடம்பைச் சுற்றி வளையும். வெட்டுப்பட்ட இரண்டு துண்டுகள் தையலில் சேரும் இடத்தில் கோடு கோட்டோடு பொருந்துமா? நடந்தால், உட்கார்ந்தால் எப்படித் தெரியும்?

சுவரில் மாட்டும் சித்திரத்துக்கு இந்தக் கேள்விகள் இல்லை. உடைக்கு உண்டு. ஆகவே நடுவர் இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். விரித்துப் பார்க்க வேண்டும். அணிந்தால் எப்படி இருக்கும் என்று மனத்துக்குள்ளும் பார்க்க வேண்டும்.

தந்தையும் மகனும்

கியோட்டோ நகரில் மொரிகுச்சி காக்கோ என்று ஒரு சாயக் கலைஞர் இருந்தார். பிறந்தது 1909. மறைந்தது 2008. அவர் செய்தது "யூசென்" என்ற வேலை. அரிசி மாவுப் பசையால் துணியில் கோடு போடுவார்கள். பசை உள்ள இடத்தில் சாயம் ஏறாது. அப்படியே பூவும் கொடியும் வரைவார்கள்.

காக்கோ ஒரு மாற்றம் செய்தார். பசையை உலர்த்திச் சிறு துகள்களாக்கினார். அதைத் துணிமேல் தூவினார். சாயம் போட்டு எடுத்தபோது, பனி தூவியது போல நுண்ணிய புள்ளிகள்! பொருளும் பழையது, தொழிலும் பழையது. செய்த விதம்தான் புதியது. 1967-ல் ஜப்பான் அரசு அவரை "வாழும் தேசியச் செல்வம்" என்று அறிவித்தது.

அவர் மகன் குனிஹிக்கோ 1941-ல் பிறந்தவர். அவர் பாரிஸ் நகரம் போய்ச் சித்திரமும் வடிவமைப்பும் படித்தார். அங்கேயே தங்கிவிடலாமா என்று யோசனை. பால்தூஸ் என்ற பிரபல பிரெஞ்சு ஓவியர் அவருக்கு ஒரு புத்தி சொன்னார். ஊருக்குத் திரும்பி, தந்தையின் தொழிலையே எடுத்துச் செய் என்றார்.

மகன் திரும்பினார். ஆனால் தந்தையின் பூக்களை அவர் வரையவில்லை. கட்டம், கோணம், வளைகோடு ஆகியவற்றையே வைத்துப் புதுமாதிரி செய்தார். கட்டங்கள் மெல்ல மெல்லப் பெரிதாகிக் கொண்டே போகும். அணிந்தவர் நடந்தால் கட்டங்களும் அசைவது போலத் தோன்றும். உடை அதே கிமோனோதான். சாயம் அதே யூசென் சாயம்தான். 2007-ல் மகனும் "வாழும் தேசியச் செல்வம்" ஆனார்.

இந்தப் பட்டம் வெறும் காகிதம் அல்ல. பட்டம் பெற்றவருக்கு அரசு ஆண்டுக்கு 20 லட்சம் யென் கொடுக்கிறது. எதற்காக? தொழிலை மேலும் வளர்க்கவும், அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுக்கவும்.

புதுமைக்குப் பரிசு கொடுத்தால் மட்டும் போதாது. அதைச் செய்த கையை விட்டுவிடக் கூடாது என்பது இதில் உள்ள பாடம்.

சாந்தோமில் இருந்து போன கோடு

"ஜப்பான் எங்கே, சென்னை எங்கே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி.

முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் கடற்கரைத் துணி ஜப்பானில் உடையாக உலவியது! மயிலாப்பூர் கடலோரத்துக்குப் போர்த்துக்கீசியர் வைத்த பெயர் சாந்தோம். இந்தக் கரையில் இருந்து போன கோடு போட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் "சாந்தோமே ஜிமா". அதாவது, சாந்தோம் கோடு! கப்பலில் வந்த அந்தத் துணி அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பிறகு அங்கேயுள்ள நெசவாளிகள் அதைப் பார்த்துத் தாங்களே நெய்யத் தொடங்கினார்கள். பெயர் மட்டும் சாந்தோம் என்றே நின்றது.

நெய்தவர் யார்? எந்தத் தெரு? எந்தத் தறி? ஒன்றும் பதிவாகவில்லை. துணி கடல் கடந்தது. மாதிரி நிலைத்தது. நெய்தவன் பெயர் மறைந்தது.

இந்தக் குறையை மனத்தில் வைத்துக் கொண்டு, நம் ஊர்ப் போட்டிக்கு வருவோம்.

நம் நாட்டுப் பரிசுகள்

கைத்தறி நெசவாளிகளுக்கு மத்திய அரசு தேசிய விருது வழங்குகிறது. அதற்கும் மேலே, "சந்த் கபீர்" விருது. கபீர் தாசர் பாடிய ஞானி மட்டும் அல்ல. அவரே ஒரு நெசவாளி. அதனால் அவர் பெயர்.

நெசவாளர் சேவை மையங்கள் விண்ணப்பங்களை வாங்குகின்றன. நெசவாளி தாம் நெய்த துணியையே சமர்ப்பிக்க வேண்டும். முதலில் மண்டல அளவில் ஒரு குழு பார்க்கும். அதில் தேறியவை தில்லிக்குப் போகும். அங்கே மேல்குழு பார்க்கும். நெசவுக்கு மட்டும் அல்லாமல், புதுமாதிரி உருவாக்குபவர்களுக்கும் விருது உண்டு. தமிழ்நாடு அரசும் பட்டு, பருத்தி இரண்டுக்கும் சிறந்த நெசவாளர் விருது கொடுக்கிறது.

இந்தச் சேவை மையங்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1956-ல் தொடங்கிய திட்டம் அது. முன்நின்றவர் புபுல் ஜெயகர் அம்மையார். நெசவாளிக்குத் தறி தெரியும். சித்திரக்காரருக்கு வர்ணம் தெரியும். இருவரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தால் என்ன? இதுதான் யோசனை. பல மையங்களில் ஓவியர்களே வேலைக்கு அமர்ந்தார்கள். சென்னையிலும் காஞ்சீபுரத்திலும் இந்த மையங்கள் உண்டு.

அதற்கும் முன்பே சென்னையில் ஒரு முயற்சி நடந்தது. ருக்மணி தேவி அருண்டேல் 1936-ல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். நாட்டியத்தோடு தறியையும் அங்கே கொண்டுவந்தார். பழைய அகலக் கரைகளைத் தேடி எடுத்து, புது வர்ணச் சேர்க்கையில் நெய்ய வைத்தார். இன்று திருவான்மியூரில் உள்ள கலாக்ஷேத்திரத்தின் பெயராலேயே அந்த மாதிரிச் சேலைகளைக் கேட்டு வாங்குகிறார்கள். பக்கத்திலேயே தரமணியில், 1995 முதல் தேசிய ஆடை வடிவமைப்புக் கல்லூரி நடக்கிறது. புதுமாதிரி வரையும் இளைஞர்கள் அங்கே படிக்கிறார்கள்.

வரைபவர்களுக்குக் குறைவில்லை. வரைந்தது நல்ல சேலையா என்பதை எப்படிச் சொல்வது?

மேஜை மேல் இரண்டு சேலைகள்

ஒரு கற்பனை செய்து கொள்வோம். நீங்கள்தான் நடுவர். மேஜைமேல் இரண்டு பட்டுச் சேலைகள்.

முதல் சேலை பளபளக்கிறது. முந்தானை முழுவதும் ஜரிகை. அதில் ஒரு கலியாண ஊர்வலமே போகிறது. யானை, குதிரை, பல்லக்கு, மேளக்காரர், குடை! பார்த்தவர் வாய் பிளக்கிறார்கள்.

இரண்டாவது சேலை அமைதியாக இருக்கிறது. மாம்பழ மஞ்சள் உடல். கரும்பச்சைக் கரை. உருவம் ஒன்றும் இல்லை. கரையும் உடலும் சேரும் இடத்தில் கோபுரம் கோபுரமாகப் பல் வரிசை. அந்தக் கோபுரங்கள் கால் பக்கம் சிறியதாகத் தொடங்கி, முந்தானையை நெருங்க நெருங்க உயர்ந்து கொண்டே போகின்றன. அவ்வளவுதான்.

யாருக்கு முதல் பரிசு?

அவசரப்படாதீர்கள். நிபுணர் கேட்கும் கேள்விகளைக் கேட்போம்.

முதல் கேள்வி: இதில் புதுமை எங்கே இருக்கிறது?

ஊர்வலம் பார்க்கப் புதிது. ஆனால் அதைக் காகிதத்தில் வரைந்திருந்தாலும் அதே அழகுதான். சித்திரம் துணிமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது சேலையின் புதுமை அப்படி அல்ல. அது நெசவுக்குள்ளேயே பிறந்தது. தறி தெரிந்தவருக்கே அந்த யோசனை தோன்றும்.

இரண்டாவது கேள்வி: கட்டினால் எப்படி இருக்கும்?

ஆறு கெஜச் சேலை என்பது சுமார் ஐந்தரை மீட்டர். அதில் கொசுவத்துக்குள் எவ்வளவு போகும்? தோளில் எவ்வளவு மடியும்? முந்தானையை மடித்துத் தோளில் போட்டால் ஊர்வலத்தில் பாதி யானை காணாமல் போகும்! ஜரிகையின் கனத்தால் முந்தானை தோளை இழுக்கும். உயர்ந்து கொண்டே போகும் கோபுரக் கரையோ, கட்டிய பிறகுதான் முழு அழகைக் காட்டும். பாதத்தில் இருந்து தோள் வரை கண்ணை அழைத்துப் போகும்.

மூன்றாவது கேள்வி: பின்பக்கம் எப்படி?

இதுதான் முக்கியமான கேள்வி. சேலையைத் திருப்பிப் பார்த்தால்தான் கை வேலை தெரியும்.

கோர்வை என்னும் வித்தை

காஞ்சீபுரம் சேலைக்குப் பெருமை சேர்ப்பது கோர்வை. கரைக்கு ஒரு வர்ணம், உடலுக்கு வேறு வர்ணம். இரண்டும் கலக்காமல், ஆனால் பிரியாமல் சேர வேண்டும். எப்படி?

சாதாரண நெசவில் ஒரே நாடா இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை ஓடும். அப்படி ஓடினால் உடலின் ஊடை கரைக்குள்ளும் புகுந்துவிடும். கரையின் வர்ணம் மங்கிவிடும்.

கோர்வையில் மூன்று நாடாக்கள். இடது கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலது கரைக்கு ஒன்று. கரையும் உடலும் சந்திக்கும் இடத்தில் இரண்டு ஊடைகளும் ஒன்றோடு ஒன்று கோத்துக் கொண்டு திரும்பும். ஒவ்வொரு வரிசையிலும் இப்படி! தறியில் ஒருவர் உட்கார்ந்து நெய்ய, கரைப் பக்கம் நாடா போட இன்னொருவர் வேண்டும். இரண்டு பேர் கையும் ஒரே தாளத்தில் போக வேண்டும்.

முந்தானைக்கு வேறு வர்ணம் என்றால் இன்னொரு வேலை. உடலின் பாவு இழைகளையும் முந்தானையின் பாவு இழைகளையும் இழை இழையாகப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள்! "சேலை கிழிந்தாலும் முந்தானை பிரியாது" என்று நெசவாளிகள் பெருமையாகச் சொல்வார்கள்.

வேலைப்பாடு குறைந்த பட்டுச் சேலைக்கே பத்து, பதினைந்து நாள் ஆகும். வேலைப்பாடு கூடினால் ஒரு மாதத்துக்கு மேலும் போகும்.

இப்போது மேஜைக்குத் திரும்புங்கள். இரண்டாவது சேலையில் கோபுரம் ஒவ்வொன்றும் வேறு வேறு உயரம். அதாவது கோர்க்கும் இடம் வரிசைக்கு வரிசை மாறிக்கொண்டே போகிறது. நெய்த இருவரும் ஒரு நாள் கூடக் கவனம் சிதறவில்லை. பின்பக்கம் திருப்பினால், முன்பக்கம் போலவே கோபுரங்கள் துலக்கமாக நிற்கின்றன.

இப்போது சொல்லுங்கள். யாருக்குப் பரிசு?

ஜரிகை ஊர்வலத்தையும் இளப்பமாகச் சொல்லவில்லை. அதற்கும் உழைப்பு உண்டு. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி மாதிரி எழுத வேண்டும். ஒரு கட்டம் என்பது இழைகள் குறுக்கிடும் ஓர் இடம். முன்பு கையால் எழுதினார்கள். இப்போது கம்ப்யூட்டரில் எழுதுகிறார்கள். அதை ஜக்கார்டு அட்டையில் துளையாக மாற்றினால், எந்த இழை தூக்க வேண்டும் என்று அட்டை சொல்லும். பிரான்சில் 1804-ல் ஜக்கார்டு என்பவர் அமைத்த முறை இது. 1870-களில் கியோட்டோ நெசவாளிகளும் இதைக் கொண்டுவந்தார்கள்.

அட்டை உதவி செய்யட்டும். ஆனால் எது அட்டையின் வேலை, எது கையின் வேலை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரே நல்ல நடுவர்.

பரிசு யார் பெயரில்?

மாதிரியை வரைந்தவர் ஒருவர். அட்டை அடித்தவர் ஒருவர். சாயம் போட்டவர் ஒருவர். தறியில் உட்கார்ந்தவர் ஒருவர். கூட உட்கார்ந்து நாடா போட்டது பெரும்பாலும் அவர் மனைவி.

மேடையில் நிற்பது ஒருவர்தான்!

2019-20-ல் நடந்த அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? நாட்டில் கைத்தறித் தொழிலில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். பத்தில் ஏழு பேர் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மாத வருமானம் 5 ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு.

இந்த வருமானத்தில் எந்த மகன் தறியில் உட்காருவான்? எந்த மகள் கோர்வை கற்றுக் கொள்வாள்? சேலையூர் வழியாகத் தினமும் கம்பெனி பஸ்கள் போகின்றன. தறிக்குழியில் காலை விடுவதை விட பஸ்சில் ஏறுவதே மேல் என்று பிள்ளைகள் நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

கபீர் விருது பெறுவோருக்கு மூன்றரை லட்சம் ரூபாய், தேசிய விருது பெறுவோருக்கு 2 லட்சம் ரூபாய் என்று மத்திய அரசு கொடுத்து வருகிறது. நல்ல காரியம். ஆனால் பரிசு கிடைப்பது சிலருக்கு. மற்றவர்களுக்குச் சோறு போடுவது, கடையில் விற்கும் சேலை!

சேலையோடு நெய்தவர் படமும் பெயரும் உள்ள அட்டையை வைக்கும் பழக்கத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் கோ-ஆப்டெக்ஸ் தொடங்கியது. 1935-ல் பிறந்த கூட்டுறவு நிறுவனம் அது. அந்தச் சின்ன அட்டைக்கு ஒரு விருதின் மதிப்பு உண்டு. சாந்தோம் கோடு நெய்தவருக்குக் கிடைக்காத மரியாதை அது.

பரிசுக்குப் பின்னால் ஓர் ஆபத்து

ஒரு மாதிரி பரிசு வாங்கியதும் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். போட்டோ பிடிக்கிறார்கள். செல்போனில் அனுப்புகிறார்கள். கொஞ்ச நாளில் அதே மாதிரி விசைத்தறியில் நெய்து, கால்வாசி விலைக்குக் கடைக்கு வந்துவிடும்!

விசைத்தறியில் வேலை செய்பவரும் உழைப்பாளிதான். விசைத்தறித் துணியை விசைத்தறித் துணி என்று சொல்லி விற்றால் குற்றம் இல்லை. கைத்தறி என்று சொல்லி விற்பதுதான் மோசடி. சில வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று 1985-ல் சட்டமே செய்திருக்கிறார்கள். கரையும் ஜரிகையும் உள்ள சேலை வகைகள் அந்தப் பட்டியலில் உண்டு.

புதுமாதிரி உருவாக்குபவர்கள் இன்னொரு சட்டத்தையும் தெரிந்து கொள்ள வேண்டும். 2000-ம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி, புதிய மாதிரியைப் பதிவு செய்யலாம். முதலில் 10 ஆண்டு, பிறகு நீட்டித்தால் 5 ஆண்டு, ஆக 15 ஆண்டு வரை உரிமை உண்டு. மற்றவர்கள் அனுமதி இல்லாமல் நகல் எடுக்கக் கூடாது.

ஆனால் ஒரு நிபந்தனை. பதிவுக்கு முன்பே ஊரறியக் காட்டிவிட்டால் "புதியது" என்ற தகுதி போய்விடும்! மத்திய அரசு அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும் சலுகை உண்டு. அதற்கும் முன்கூட்டியே எழுதித் தெரிவித்து, 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆகவே முதலில் பதிவு, பிறகு போட்டி. அதுவே புத்திசாலித்தனம். விண்ணப்பம் கொடுக்கக் கல்கத்தா வரை போக வேண்டியதில்லை. தாம்பரம் வழியாகப் போகும் அதே ஜி.எஸ்.டி. சாலையில், கிண்டியில் அலுவலகம் இருக்கிறது.

பழைய மாதிரிகள் தனி ஒருவருக்குச் சொந்தம் அல்ல. மயில்கண், ருத்திராட்சம், மல்லிமொக்கு, யாளி, இருதலைப்பட்சி, தாழம்பூ ரேக்கு எல்லாம் ஊர்ச் சொத்து. காஞ்சீபுரம் பட்டு என்ற பெயருக்கே 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வட்டாரத்தில், அந்த முறையில் நெய்ததற்கே அந்தப் பெயர் உரியது.

நீங்களும் நடுவர்தான்

ஆண்டுதோறும் ஆகஸ்டு 7-ந் தேதி தேசியக் கைத்தறி நாள். 1905-ல் அதே தேதியில்தான் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் பிறந்தது. முதல் கைத்தறி நாள் விழா 2015-ல் நடந்தது. எங்கே தெரியுமா? நம் சென்னையில்!

அந்த நாளில் விருது கொடுக்கும் நிபுணர்கள் சிலர்தான். ஆனால் ஆண்டு முழுவதும் கடையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவர்கள் லட்சக்கணக்கான பெண்கள். அவர்கள் தீர்ப்பு தவறினால், தில்லி விருதால் தறியைக் காப்பாற்ற முடியாது.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது இவற்றைச் செய்யுங்கள்:

முந்தானையை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். சேலையைத் தோளில் போட்டு, கொசுவம் மடித்துப் பாருங்கள். கட்டினால் எது தெரியுமோ அதுதான் சேலை.

கரையும் உடலும் சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். திருப்பிப் பாருங்கள். கோர்வையா என்று கேளுங்கள். கரையின் வர்ணத்தில் உடலின் வர்ணம் கலந்திருந்தால் அது கோர்வை அல்ல.

கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2006-ல் வந்தது அது. பட்டுக்குத் தனியாகப் பட்டு முத்திரை 2004 முதல் உண்டு. பட்டு முத்திரை, நூல் சுத்தமான பட்டு என்றுதான் சொல்லும். கையால் நெய்தது என்று சொல்லாது. இரண்டையும் குழப்பிக் கொள்ளாதீர்கள்.

ஜரிகை எந்த வகை என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். வெள்ளிக் கம்பி சுற்றிய அசல் ஜரிகைக்கும், சாதா ஜரிகைக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு.

கடைசியாக ஒரு கேள்வி. "இதை நெய்தது யார்?" என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆளுக்காக அவர் விசாரித்து வைப்பார்.

ஜப்பானில் நடுவர்கள் கிமோனோவின் முதுகைப் பார்த்துப் பரிசு கொடுக்கிறார்கள். நாம் சேலையின் மறுபக்கத்தைப் பார்த்துப் பணம் கொடுப்போம். பரிசுக்கு எடுத்த சேலை பெட்டியில் இருக்கும். நீங்கள் வாங்கிக் கட்டிய சேலையால்தான் ஒரு வீட்டில் நாளைக்கும் தறிச்சத்தம் கேட்கும்.